பிரேசில் தட்டில் ஒரு இருமல்

பாட்டுக் கேட்க வருகிறவர்கள் கிராமபோன் குழாய்க்கு எதிரே உட்காருவார்கள். அந்தப் பெண் மட்டும் பக்கவாட்டில், சுவரோரமாகக் குந்தி, இடது காதைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொள்வாள். கண் தரையில் இருக்கும். தலை ஆடாது, விரல் தாளம் போடாது. பாட்டு நன்றாக இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டேன். "பாட்ட யாருண்ணே கேட்டா?" என்றாள். கிராமபோன் ரிப்பேர் செய்து வயிறு வளர்க்கிறவனிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? எனக்குச் சுருக்கென்றது.

ஈப்போவில், ரயில் நிலையத்திலிருந்து பாசாருக்குப் போகிற வழியில், ஒரு சீனத் தகரக்கடையை ஒட்டினாற்போல் என் கடை இருந்தது. கடை வாசலை ஒட்டிய நடைபாதையான அஞ்சடியில் ஒரு பெஞ்சு, உள்ளே ஒரு மேசை, சுவர் முழுக்க இசைத்தட்டுகள். அவள் கோப்பெங் சாலையில் இருந்த ஒரு கித்தாத் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பவள். மரம் வெட்டும் நாட்களில் வரமாட்டாள். ஞாயிறன்று மட்டும் குளித்து, தலையை இறுக்கி முடிந்து, அத்தனை தூரமும் நடந்தே வருவாள். ஒல்லியான உடம்பு. முப்பது வயது இருந்தாலே அதிகம். பெயர் எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை.

அவளுக்குக் காது அப்படி. முன்னால் நடப்பதை விட்டுவிட்டுப் பின்னால் நடப்பதைத்தான் அது பிடிக்கும். ஒருமுறை வாங்க வந்தவர் ஒருவருக்காக நாடகப் பாட்டு ஒன்றைப் போட்டேன். பாடகர் உச்சத்தில் நின்று உருகிக்கொண்டிருக்கிறார். இவள் சுவரோரத்திலிருந்து, "அண்ணே, அங்க யாரோ நாக்காலிய இழுக்குறாங்க" என்றாள். வந்தவர் சிரித்தார். நான் மறுபடி போட்டுக் கேட்டேன். இழுக்கத்தான் செய்தார்கள். அன்றோடு அந்தப் பாட்டு எனக்கு ஒழிந்தது. பாடகர் உருகும்போதெல்லாம் எனக்கு நாற்காலிதான் கேட்டது. இப்படி எத்தனையோ நல்ல பாட்டுகளை அவள் எனக்குக் கெடுத்திருக்கிறாள்.

அவள் என் கடைக்கு வந்ததற்கு ஒரு பெட்டி காரணம். கித்தா விலை விழுந்து தோட்டங்கள் தள்ளாடிக்கொண்டிருந்த காலம் அது. வேலை போன தொரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். அவர்கள் போனதும் பங்களாச் சாமான்களை லேலாங் விடுவார்கள், அதாவது ஏலம். நாற்காலி, பீங்கான், மீன் தூண்டில் எல்லாம் மற்றவர்களுக்கு. தட்டுப் பெட்டி இருந்தால் நான் எடுப்பேன். கோப்பெங் சாலைத் தோட்டத்துத் தொரை போனபோதும் ஒன்று எடுத்தேன். திறந்தால், பாதிக்கு மேல் நான் கண்டிராத தட்டுகள். எழுத்து இங்கிலீஷ் எழுத்துதான், பாஷை இங்கிலீஷ் இல்லை.

ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். முதலில் ஒரு ஆள் சண்டைக்கு வந்தவன் மாதிரி எதையோ கத்தி அறிவித்தான். அவன் ஓய்ந்ததும் ஒரு புல்லாங்குழல் புறப்பட்டது. கிடார் பின்னாலேயே துரத்திக்கொண்டு வர, அது மூச்சே வாங்காமல் சந்து சந்தாக நுழைந்து ஓடியது. சந்தோஷமாக ஓடுகிறதா, பயந்து ஓடுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. பசி மறந்து உட்கார்ந்திருந்தேன். மலாக்காவிலிருந்து வந்த சட்டைக்காரர் ஒருவர் ரயில்வேயில் வேலை பார்த்தார். போர்த்துகீசு வழிவந்த குடும்பம். அவரிடம் காட்டியபோது தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது பிரேசில் நாட்டுப் பாட்டு, ரியோ பட்டணத்தில் பாடவைத்துப் பிடித்தது என்றார். இந்த ஈப்போவில் இது யார் கைக்கும் கிடைக்காது, பத்திரமாக வைத்துக்கொள் என்றும் சொன்னார்.

அந்தத் தொரை இளவயதில் பிரேசில் காடுகளில் கித்தா வாங்கி விற்றவராம். இங்கே பிழைப்புக் கெட்டதும் அங்கேயே திரும்பிப் போனார், புதுத் தோட்டம் போட. அங்கே போனால் தட்டுகள் வேண்டியமட்டும் கிடைக்கும் என்றுதான் பெட்டியை விட்டுப் போயிருக்க வேண்டும். ஆனால் ஆட்களைக் கூட்டிப் போனார். நம் முறைப்படி மரத்தைச் சீவிக் காட்டுவதற்கென்று பால்வெட்டுக்காரர் இரண்டு பேர். கித்தா மரமே அந்த நாட்டிலிருந்து வந்தது. அவர்கள் மரத்தை எப்படி வெட்டுவது என்று அவர்களுக்கே சொல்லிக்கொடுக்க நம் ஆட்கள் போனார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவன் இவளுடைய புருஷன்.

ஒரு ஞாயிறு, மாதா கோயில் பூசை முடித்து வந்து கடையைத் திறக்கிறேன், அஞ்சடியில் நின்றிருந்தாள்.

"எங்க தொரையோட பெட்டி உங்ககிட்டதான் இருக்காம்ல?"

"தொரையோடதா இருந்துச்சு. இப்ப என்னோடது."

"எனக்கு அது வேணாண்ணே. ஒண்ணே ஒண்ணு போட்டுக் காட்டுங்க. அந்த ஊருல சத்தம் எப்புடி இருக்கும்னு கேட்டுட்டுப் போயிருறேன்."

சத்தம் என்றுதான் சொன்னாள். புருஷன் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு தகவலும் கிடையாது. அவனுக்கு எழுதத் தெரியாது, தொரைக்கு எழுத மனமில்லை. போட்டேன். கேட்டாள். எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறும் வந்தாள்.

நாலைந்து வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. தோட்டத்தில் ஆண்கள் நிறைய, பெண்கள் கொஞ்சம். புருஷன் பக்கத்தில் இல்லாத பெண்ணை அந்த லயத்து வீடுகளில் சும்மா விடமாட்டார்கள். காம்பார் பக்கத்துத் தோட்டத்தில், இவள் தோட்டத்துக் கங்காணியின் சொந்தக்காரன் ஒருவன் பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு இருந்தான். அடிப்பான் என்று பேர் வாங்கியவன். அந்த முதல் பெண்டாட்டி எப்படிச் செத்தாள் என்று லயத்தில் மெதுவாகத்தான் பேசுவார்களாம். அவனுக்கு இவளைக் கட்டிவைக்கக் கங்காணி நாள் பார்த்துக்கொண்டிருந்தார். "உம்புருசன் உசுரோட இருக்கான்னு காட்டு, நான் வாயத் தொறக்கல. காட்ட முடியலைன்னா தாலியக் கழட்டு" என்று, காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். கடல் தாண்டிப் போனவன் உயிரோடு இருப்பதை ஒரு பால்வெட்டுக்காரி எதைக் கொண்டு காட்டுவாள்? என் கடைச் சுவரோரம் குந்தி, அந்த நாட்டுச் சத்தத்துக்குள் தேடிக்கொண்டிருந்தாள்.

நான் சாமான் வாங்கப் பினாங்கு போவதுண்டு. துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகிற பழைய சாமான்களை வைத்து ஒரு சீன முதலாளி, தௌக்கே, கடை நடத்தினார். அங்கே துருப்பிடித்த விளக்குகளுக்கு அடியில் ஒரு தட்டு அகப்பட்டது. ரியோ என்று போட்டிருந்தது. புதுத் தட்டு, கீறல்கூட இல்லை. அவளுக்காக வாங்கினேன் என்றால் புளுகு. எனக்கே அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது.

அதில் பாடியது ஒரு பெண். கனத்த குரல். அழுகிறவளைப் போல் ஆரம்பித்து, அழுகையை விழுங்கிவிட்டுப் பாடுகிறவள். கூட ஒரு கிடார் மட்டும். பாட்டு முடிந்து, கிடாரின் கடைசித் தந்தி அடங்கி, ஊசி நடுவுக்குப் போவதற்குள், பாட்டுப் பிடித்த அந்த அறையில் யாரோ இருமினார்கள். சின்னதாக இரண்டு இருமல், பிறகு சூடான காப்பியை உறிஞ்சுவதுபோல் ஒரு மூச்சு.

இவள் சுவரோரத்திலிருந்து எழுந்து வந்து மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுகதாண்ணே."

"யாரு?"

"எங்க வீட்டுக்காரவுக. ஸ்டோருல பாலுக்குப் பொகை போடுற வேலை பாத்தப்பப் புடிச்ச இருமல். ரெண்டு இருமிட்டு மூச்ச உள்ள இழுப்பாக. இதேதான்."

"ஏம்மா, பாட்டுப் புடிக்கிற எடத்துல உன் புருசனுக்கு என்ன வேலை?"

"தொரைக்குப் பாட்டுன்னா உசுரு. அவரு போற எடத்துக்கெல்லாம் கொடையத் தூக்கிக்கிட்டு இவுகதான் போவாக. இங்கயும் அப்புடித்தான."

எனக்கு அது நியாயமான பதிலாகத்தான் பட்டது. பிரேசில் என்பது எங்களுக்கெல்லாம் கோப்பெங்குக்கு அப்பால் இருக்கிற பெரிய தோட்டம் மாதிரி. அங்கே போனவன், அங்கே பாடுகிறவர்களுக்குப் பக்கத்தில்தானே இருப்பான்? கித்தாக் காடு எங்கே இருக்கிறது, ரியோ எங்கே இருக்கிறது என்று நான் தேசப்படம் பார்த்துத் தெரிந்துகொண்டது ரொம்பப் பின்னால். அன்றைக்கு எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

அடுத்த ஞாயிறு அவள் தனியாக வரவில்லை. தலைப்பாகையும் குடையுமாகக் கங்காணி முன்னால் வந்தார். பின்னால் லயத்துப் பெரியவர்கள் சிலர். எல்லாருக்கும் கடைசியில் அவள் புருஷனின் தம்பி, அண்ணனைவிட நாலைந்து வயது இளையவன். பஞ்சாயத்து என் கடைக்கே வந்துவிட்டது. தாலி கழுத்தில் இருப்பதா, இறங்குவதா என்று முடிவு செய்ய வேண்டும். அதற்குச் சாட்சி என் தட்டு.

"என்னா கடைக்காரரே, பொட்டிக்குள்ள எங்காளு இருமுறானாமே?" என்றார் கங்காணி.

"பொட்டிக்குள்ள இல்ல, தட்டுல" என்றேன்.

என் கடையில் பாட்டைக் கேட்காமல் பாட்டு எப்போது முடியும் என்று காத்திருந்த கூட்டம் அது ஒன்றுதான். தட்டில் அந்தப் பெண் உயிரைக் கொடுத்துப் பாடினாள். ஒரு பெரியவர் என் பக்கம் சாய்ந்து, "இந்தம்மா எப்பத்தான் நிறுத்தும்?" என்று கேட்டார். இருமல் வந்தது. எல்லாத் தலைகளும் ஒன்றாக முன்னால் குனிந்தன. இன்னொரு வாட்டி போடச் சொன்னார்கள். ஊசியை மாற்றிப் போட்டேன். மறுபடியும் கேட்டார்கள். தட்டு தேய்கிறதே என்று எனக்கு உள்ளே எரிந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபின் நானே இன்னொரு ஊசியை எடுத்து வைத்தேன்.

"இருமல்ல என்னாய்யா இருக்கு? எவன் இருமுனாலும் ஒண்ணுதான். எனக்குந்தான் வருது" என்று சொல்லி, கங்காணி இருமிக் காட்டினார். கொழகொழவென்று சளியோடு வந்தது. தட்டில் இருந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெரியவர்களில் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கங்காணிக்குக் கோபம் வந்துவிட்டது. தம்பியைப் பார்த்து, "டேய், இங்க வா. ஒங்கண்ணன் எப்புடிடா இருமுவான்? இருமு பாப்போம்" என்றார்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கண்ணைத் தரையில் வைத்து, இடது காதைத் திருப்பிக்கொண்டாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு இருமினான். சின்னதாக இரண்டு, பிறகு உள்ளே இழுத்த ஒரு மூச்சு. தட்டு இன்னும் சுற்றுகிறதோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். அது எப்போதோ நின்றிருந்தது.

"அண்ணந்தான் அது" என்றான். "சத்தியமா அண்ணந்தான்."

கங்காணி கொஞ்ச நேரம் குடையின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். "சரி லா. உசுரோட இருக்கான்னே வச்சுக்குவோம். வேற சேதி வர்ற வரைக்கும் இவள யாரும் கேக்கப்படாது."

தம்பி பொய் சொன்னானா, நிஜமாகவே நம்பினானா, எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லாரும் படியிறங்கிய பிறகு அவள் சிரித்தாள். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. அதுவரை அவள் சிரித்துப் பார்த்ததில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதன்பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் பிரேசில் தட்டு தேடுவதே வேலையாகிவிட்டது. எந்தத் தோட்டத்தில் எந்தத் தொரை ஊருக்குப் போகிறார் என்று பால்வெட்டுக்காரர்கள் வழியாக விசாரித்து வந்து சொல்வாள். நான் லேலாங்குக்குப் போவேன். கமுந்திங் பக்கத்துப் பங்களா ஒன்றில், உடைந்த வயலினோடு சேர்த்துக் கட்டித் தள்ளிவிட்டிருந்த தட்டுகளில் மூன்று அகப்பட்டன. பினாங்குத் தௌக்கேயும் எப்போதாவது ஒன்று எடுத்து வைப்பார். ஒன்றில் பறை மாதிரி ஒரு வாத்தியம், கூடவே ஒரு கூட்டமே பாடும். ஒன்றில் வெறும் புல்லாங்குழலும் கிடாரும் பேசிக்கொள்ளும். அப்படிப்பட்ட பாட்டுகளை நான் முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

எதிலும் அந்த இருமல் இல்லை. அவளுக்கு எப்படிச் சொல்வது என்று நான் தவித்தேன். அவள் தவிக்கவில்லை. "கொணமாயிருச்சு போலண்ணே. அந்த ஊருக் காத்து ஒத்துக்கிருச்சு" என்றாள்.

பாட்டுக்குப் பின்னால் கால் தேயும் சத்தம் கேட்டால் அது அவன் நடப்பது. எதையோ கீழே வைத்தால் அது அவன் தொரையின் பெட்டியை இறக்குவது. ஒரு தட்டில் யாரோ சிரித்தார்கள். அதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அவுக இப்புடிச் சிரிக்க மாட்டாக" என்று தலையை ஆட்டிவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். "ஏம்மா, நாய் மாதிரி அலைஞ்சு தேடிக் கொண்டாறேன். அந்தப் பாட்டையும் கொஞ்சம் கேளேன்" என்று ஒருநாள் கத்திவிட்டேன். அவளுக்குக் கோபமே வரவில்லை. அவுக வரட்டும், ரெண்டு பேருமாக வந்து கேட்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு ஒரு மத்தியானம் வந்தாள். அன்று ஞாயிறு இல்லை. வேலைச் சேலையிலேயே வந்திருந்தாள். சேலையில் கித்தாப் பால் காய்ந்து ஒட்டியிருந்தது, அந்தப் புளித்த வாடை கடைக்குள் வந்தது. கழுத்து வெறுமையாக இருந்தது. நான் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன்.

கூடப் போன மற்ற ஆள் திரும்பிவிட்டான். காய்ச்சலில் அரைபட்டு, எலும்பும் தோலுமாக, பினாங்கில் இறங்கி, காலையில் பெரட்டு எடுக்கிற நேரத்தில் தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறான். அவன்தான் எல்லார் முன்னாலும் சொன்னானாம். கப்பல் அந்த நாட்டைத் தொடுவதற்கு முன்பே இவள் புருஷனுக்குக் காய்ச்சல் கண்டது. செத்துப்போனான். கித்தான் துணியில் சுற்றிக் கடலில் இறக்கிவிட்டார்கள். பிரேசில் மண்ணை அவன் மிதிக்கவே இல்லை.

"நான் மொத மொத ஒங்க கடைக்கு வந்தப்பவே அவுக இல்லண்ணே" என்றாள்.

மடத்தில் கன்னியாஸ்திரிகள் இருக்கிறார்கள், அவர்களிடம் உனக்கு இடம் கேட்டுப் பார்க்கட்டுமா என்றேன். வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"வர்ற வெள்ளிக்கெழம காம்பாருக்குப் போகணுமாம். கங்காணி சொல்லிட்டாரு. சேதி வந்துருச்சுல்லன்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"அவரு சொன்ன சொல்லுல நின்னுட்டாரு. நான் இனி எதக் காட்டுறது?"

வெயில் அஞ்சடி வரைக்கும் வந்திருந்தது. தகரக்கடையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காம்பார்க்காரனை நான் பார்த்ததில்லை. இருந்தும் அந்த நிமிஷம் அவன் கழுத்தை நெரிக்கலாம் போல் எனக்கு ஆத்திரம் வந்தது. என்னால் ஆனது ஒன்றுமில்லை. கங்காணியை மீறி வெளியேறுகிற பெண்ணுக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டமும் பால்வெட்டுக் கத்தியைக் கொடுக்காது.

"அந்தத் தட்டப் போடுங்கண்ணே" என்றாள்.

பினாங்கில் வாங்கின அந்தத் தட்டை எடுத்துத் துடைத்து வைத்தேன். அவள் சுவரோரம் போகவில்லை. குழாய்க்கு நேர் எதிரே, மற்றவர்கள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்தாள். தட்டில் அந்தப் பெண் பாட ஆரம்பித்தாள். இவள் முகத்தை நிமிர்த்திக் கேட்டாள். இரண்டாவது அடி வந்தபோது உதடு லேசாக அசைந்தது. "இந்தம்மா என்னமா பாடுது!" என்றாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. நானும் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பாட்டு முடிந்தது. கிடார் அடங்கியது. இருமல் வந்தது. அவள் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது.

"யாரு பெத்த புள்ளையோ" என்றாள்.

நான் தட்டை எடுக்கப் போனேன். கையை நீட்டித் தடுத்தாள்.

"இன்னொரு வாட்டி போடுங்கண்ணே. அந்த இருமல் வாரதுக்கு முன்னால ஊசியத் தூக்கிருங்க."

புது ஊசி மாட்டி, சாவி கொடுத்து, பாட்டு ஓடி முடியும்வரை ஊசிக்கைக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். கிடாரின் கடைசித் தந்தி அதிர்ந்ததும் தூக்கிவிட்டேன்.